அம்மா படம்

குழந்தை திரையைப் பார்க்கவில்லை. அதற்குச் சற்று மேலே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

"பட்டு, அம்மா இங்க இருக்கேன் பாரு."

திரும்பவில்லை.

அவள் தம்பி, வீடியோ அழைப்பில் இருந்த தன் போனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தண்ணீர் பாட்டில்மேல் சாய்த்து வைத்துவிட்டு அப்போதுதான் கிளம்பியிருந்தான். "பால் தீந்துபோச்சுக்கா. வெளிய பூட்டிட்டு கீழ கடை வரைக்கும் போயிட்டு வரேன். நீ லைன்லயே இரு."

"தனியா விடாதடா. தூக்கிட்டுப் போ."

"தூக்கிட்டுப் போனா கடையையே வாங்கச் சொல்லுவா. நாள் பூரா அடுத்தவங்க பிள்ளைங்கள கேமராவுல பாக்கறே. உன் பிள்ளைய கொஞ்ச நேரம் பாரேன்."

பூட்டு விழுந்தது.

எல்லோரும் போய்விட்ட ஆய்வுக்கூடத்தில், ஏசியின் ஓயாத முனகலுக்கும் பொம்மைகளைத் துடைத்த கிருமிநாசினி வாடைக்கும் நடுவே, சுவரில் நாற்காலி நிழல்கள் நீள்வதைப் பார்த்தபடி, அவள் இயர்போன் வழியே வீட்டின் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டாள்: மின்விசிறி, சமையலறைக் குழாயின் சொட்டு, நாற்காலிக் காலில் இடிக்கும் சிறு குதிகால். பிறகு, இன்னதென்று பிரிக்க முடியாத ஓர் உலர்ந்த சரசரப்பு.

சின்னக் குழந்தைகள் திரையை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அவள் வேலை. பக்கத்து அறையில் தலையணைக்கடியில் பொம்மையை ஒளித்து வைப்பார்கள். கண்ணாடி ஜன்னல் வழியே அதைப் பார்த்த இரண்டு வயதுக் குழந்தை நேரே ஓடிப்போய் எடுக்கும். திரையில் பார்த்த குழந்தை அறை நடுவில் விழித்துக்கொண்டு நிற்கும். அந்த வயதுக்குத் திரை வேறொரு இடம்.

மகள் திரைக்கு பிஸ்கட் ஊட்டிய நாளிலிருந்து அவள் தினமும் சொல்லிக்கொடுத்தாள். தன் கன்னத்தைத் தொட்டு, இது அம்மா. போனைத் தொட்டு, இது அம்மா படம். குழந்தை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. வேலை செய்யும் இடத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள்.

திரையின் ஓரத்தில் ஒரு கை வந்தது. நீலச் சட்டைக் கை. குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கியது.

அவள் குனிந்து தன் கையைப் பார்த்தாள். நீலம்.

"பட்டு. எந்திரி. கதவுகிட்ட ஓடு."

இப்போது குழந்தை திரும்பியது.

"நீ அம்மா படம்," என்றது. மேலே கை காட்டியது. "இது அம்மா."

"இல்லடா கண்ணா. நான்தான் அம்மா. நான்தான்."

"படம் அழுது," என்று குழந்தை அதனிடம் சொன்னது.

மேசைத் தொலைபேசியை எடுத்துத் தம்பியின் எண்ணை அழுத்தினாள். குழந்தையின் முன்னால் இருந்த போனே அடித்தது. படம் உறைந்தது. வைத்தாள். படம் அசைந்தது.

அந்த உருவம் குனிந்திருந்தது. அவள் முகம். போட்டோவுக்குச் சிரிக்கும் சிரிப்பு. அது மாறவில்லை. இமைக்கவில்லை.

குழந்தை இரு கைகளையும் நீட்டியது.

உருவம் தூக்கியது.

கத்தினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். பூட்டிய வீட்டில் அவள் குரல் போனிலிருந்து சன்னமாக வந்தது.

உருவம் உள்ளறைப் பக்கம் திரும்பியது. முகம் பாதியானது. கோடானது. படத்தைப்போல, அதற்குப் பக்கவாட்டு இல்லை.

குழந்தை மட்டும் இருந்தது. இடுப்பில் உட்கார்ந்ததுபோல் கால்களை அகட்டி, இல்லாத கழுத்தைக் கட்டிக்கொண்டு, இல்லாத தோளில் தலை சாய்த்து, தரையைத் தொடாமல் இருட்டறைக்குள் போய்க்கொண்டிருந்தது.