பனியில் வாய் திறக்காத ரைஃபிள்

அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் இவன் குரல் ஏன் இப்படி இளகிப்போகிறது? ரோயிமாட்டா, ரோயிமாட்டா. என் பெயரையும் பதினோரு வருடம் சொன்னவன்தான். சுத்தியலை எடு என்று சொல்கிற குரலில்.

ஹெஸ்டர் இதை வெளியே சொல்லவில்லை. ஒரு வேட்டைத் துப்பாக்கியிலிருந்து கழற்றிய இரட்டைக்குழலைக் கொக்கியில் தொங்கவிட்டு, விரல் முட்டியால் தட்டினாள். நல்ல குழல் என்றால் மணி போல் ஒலித்து அடங்க நேரமாகும். இது சட்டி போலச் சத்தம் கொடுத்தது. இரண்டு குழல்களையும் சேர்த்துப் பற்றவைத்த பட்டை உள்ளே எங்கோ விட்டிருக்கிறது. வாங்க வந்தவன் இதன் வெள்ளிப் பூவேலையைப் பார்த்து மயங்கிப்போயிருந்தான். வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும்.

மானியோட்டோ சமவெளியில் வேட்டைத் துப்பாக்கி வாங்குகிறவர்கள் முதலில் ஹெஸ்டரிடம் கொண்டுவந்து காட்டுவார்கள். எது உழைக்கும், எது கைவிடும் என்று அவள் சொன்னால் அதுதான் முடிவு.

"கேக்கறியா இல்லையா?" என்றான் லாக்லன். ஒரு காலத்தில் அவளோடு கூட்டாகப் பட்டறை நடத்தியவன். "நேத்து காலைல என் ரைஃபிள் சுடல. துப்பாக்கி கிளப்பே பாத்து சிரிச்சுது."

"நானும் அங்கதான் இருந்தேன்."

வருடா வருடம் ஜூன் மாதத்தில், அந்த ஊரின் கடுங்குளிர் காலத்தில், நடக்கிற சோதனை அது. போட்டிக்கு வந்த ரைஃபிள்கள் இரவு முழுக்கத் திறந்த புல்வெளியில் கிடக்கும். வேலிக்குப் பூட்டு, வாசலில் காவல். விடிந்ததும், உறைபனி உருகுவதற்குள், துடைக்காமல் சூடாக்காமல் ஒரே ஒரு தோட்டா. இந்த முறை ஜெயிக்கிற ரைஃபிள் எதுவோ, அதே மாதிரியைத்தான் வனக்காவலர்கள் மொத்தமாக வாங்கப்போகிறார்கள். ட்ரூஸ் என்பவனின் முரட்டு ரைஃபிள் சுட்டது. லாக்லன் செய்த அழகான ரைஃபிள் 'டிக்' என்றதோடு சரி.

"யாரோ கை வச்சிருக்காங்க. வெளியாள் வேலைன்னா இன்னொரு வாய்ப்பு குடுப்பாங்க. அதுதானே விதி? இன்னிக்கு சாயங்காலம் காரணத்தச் சொல்லப் போறது நீ."

"சொந்த வீட்டுக்காரங்க செஞ்சதுன்னா வாய்ப்பு கிடையாது. அதுவும் விதிதான்," என்றாள் ஹெஸ்டர். "சோதனைக்கு முன்னாடி ரைஃபிள் எங்க இருந்தது?"

"ரோயிமாட்டாகிட்ட. என் பட்டறையில துப்பாக்கிக் கட்டையெல்லாம் அவ கைவேலைதானே, கடைசி எண்ணெய் பூசிட்டிருந்தா. போல்ட் எங்க வீட்டுல, துண்டு காயப்போடற வெந்நீர் அலமாரியில, பூட்டி. முந்தாநாள் சாயங்காலம் களத்துல வச்சுத்தான் ரெண்டையும் சேத்தேன்."

பாதுகாப்புக்காக, தோட்டாவைச் சுடவைக்கும் உருளையான போல்ட்டைக் கழற்றி ரைஃபிளிலிருந்து தனியாக வைப்பது அந்த ஊரில் பல் துலக்குவது மாதிரி. யாரும் யோசித்துச் செய்வதில்லை.

மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நோரீன் எழுந்து வந்தாள். தபால் வண்டி ஓட்டுகிறவள், ஹெஸ்டரின் தோழி. ஊரில் எந்த மர்மம் என்றாலும் தபாலுக்கு முன்னால் அவள் வந்துவிடுவாள். "பிரிச்சுப் பாரேன்டி, எவ்வளவு நேரம் கையில வச்சுப் பாத்துட்டே இருப்ப?"

ஹெஸ்டர் போல்ட்டைப் பிரித்தாள். உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசியும் சுருள்வில்லும் மஞ்சளாக, மெழுகு போன்ற ஒன்றில் புதைந்திருந்தன. மீன் வாடையும் ஆட்டுக் கொழுப்பு வாடையும் கலந்து அடித்தது.

"டீட்டி!" என்று கத்தினாள் நோரீன். "ரோயிமாட்டா ஆளுங்க தெக்குக் கோடித் தீவுகள்ல பிடிக்கிற கடற்பறவை. அந்தக் கொழுப்புதான் இது. கட்டைக்கு அவ பூசறதும் டீட்டி எண்ணெய்தானே? மாட்டிக்கிட்டா!"

லாக்லனின் முகம் வாடியது. ஹெஸ்டருக்கு உள்ளே ஏதோ குளிர்ந்தது. அவளாகவே இருக்கட்டும் என்று ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். பழைய பட்டறையில் தன் மேசையில் வேறொருத்தியின் உளிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்த நாளிலிருந்து அது கூடவே இருக்கிறது. அதை நம்பி எந்தத் துப்பாக்கிக்கும் அவள் தீர்ப்புச் சொன்னதில்லை.

ஊசியைத் துணியால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினாள். எஃகின் மேல் கடுகளவு துருப்புள்ளிகள், பத்துப் பன்னிரண்டு இருக்கும்.

"நேத்து பனியில பிடிச்ச துரு இல்ல இது. அது மேலாக்கப் படரும். இது குழியா இறங்கியிருக்கு. நாலஞ்சு நாளாவது ஆகியிருக்கும்," என்றாள்.

ரோயிமாட்டாவின் கொட்டகை ஆற்றங்கரையில் இருந்தது. உள்ளே போனதும் ஹெஸ்டர் பார்த்தது அவளை அல்ல. சுவரில் தொங்கிய உளிகளை. ஒன்றிலும் துருவின் நிழல்கூட இல்லை.

"எதப் பூசற?"

"கட்டைக்குப் பூசறதுதான் ஆன்ட்டி. டீட்டி எண்ணெய். பறவையப் பிடிச்ச உடனே தொண்டையிலிருந்து பிதுக்கி எடுத்துடுவோம். உப்புப் போடறதெல்லாம் அப்புறம்." முப்பது வயதுதான் இருக்கும். சிரித்தபோது கண்ணும் சேர்ந்து சிரித்தது. ஹெஸ்டர் வேறு பக்கம் பார்த்தாள்.

"உப்புப் போட்ட பறவைய என்ன செய்வீங்க?"

"வாளியில அடுக்கி வைப்போம். சொந்தக்காரங்களுக்கு, தெரிஞ்சவங்களுக்குக் குடுப்போம். வேக வச்சா கொழுப்பு மேல மிதக்கும்."

"எனக்கும் ஒரு வாளி குடுத்தா," என்றாள் நோரீன். "லாக்லன் வீட்டுக்கும் போன மாசம் நான்தான் கொண்டுபோய்ப் போட்டேன். ஐல்சா அத வாங்கின விதத்தப் பாக்கணுமே! செத்த எலிய வாங்கற மாதிரி."

ரோயிமாட்டா தோளைக் குலுக்கினாள். "அவங்களுக்கு என்னப் பிடிக்காது. குடிக்கத் தண்ணி வேணும்னாகூட நான் அவங்க வீட்டு வெளிக்குழாயிலதான் பிடிச்சுக்கணும்."

திரும்பி வந்ததும் ஹெஸ்டர் போல்ட்டை முழுக்கத் துடைத்து, மருந்தில்லாத வெறும் தோட்டாவை வைத்து ஒரு முறை அடித்தாள். தோட்டாவின் அடித்தகட்டில் ஆழமான குழி விழுந்தது. பிறகு வழித்தெடுத்த அதே கொழுப்பை அந்த போல்ட்டிலும் தன் பழைய ரைஃபிளின் போல்ட்டிலும் அடைத்து, இரண்டையும் நோரீனிடம் கொடுத்தாள். நோரீன் மான்கறி சாசேஜுக்கும் பட்டாணிக்கும் நடுவில் குளிர்பெட்டியில் இடம் பண்ணினாள்.

"இதுக்கப்புறம் என் வீட்டுக்குச் சாப்பிட வந்துடு, இங்க எதையும் நம்பிச் சாப்பிட முடியாது," என்றாள்.

உறைந்தபின் அடித்துப் பார்த்தார்கள். லாக்லனின் போல்ட் தகட்டில் ஒரு கீறல்தான் போட்டது. ஹெஸ்டரின் பழைய போல்ட் அதே கொழுப்போடு ஆழமாகக் குத்தியது. அவள் இரண்டு தகடுகளையும் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் மூவரையும் வரச் சொன்னாள். லாக்லன், ரோயிமாட்டா, லாக்லனின் மனைவி ஐல்சா. ஐல்சா கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு, ரோயிமாட்டா உட்கார்ந்த பெஞ்சில் உட்காராமல் நின்றாள்.

"கொழுப்பு டீட்டிக் கொழுப்பு," என்று ஆரம்பித்தாள் ஹெஸ்டர்.

"அப்ப யாருன்னு கேக்கவே வேண்டாமே," என்றாள் ஐல்சா.

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன். ஐல்சா, ஒண்ணு கேக்கறேன். ரோயிமாட்டா உங்க வீட்டுக்குள்ள வந்து, வெந்நீர் அலமாரியத் திறந்திருக்க முடியுமா?"

"என் வீட்டுக்குள்ளயா?" ஐல்சாவின் கழுத்து சிவந்தது. "அவ என் வாசப்படிய மிதிச்சதே கிடையாது. ஒரு கப் டீக்குக்கூட நான் உள்ள விட்டதில்ல. சத்தியமாச் சொல்றேன்."

சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது முதலில் லாக்லனுக்குப் புரிந்தது. மெதுவாக மனைவியின் பக்கம் திரும்பினான்.

"இந்தத் துரு பிடிச்ச நாலஞ்சு நாளும் ரைஃபிள் ஆத்தங்கரையில இருந்தது. போல்ட் உங்க அலமாரியில," என்றாள் ஹெஸ்டர். "அவ கை போல்ட்டுல படவே இல்ல. பட்டிருந்தாலும் அவகிட்ட இருக்கற எண்ணெயில உப்பு கிடையாது, அதான் அவ உளியெல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு. இந்த ஊசியில உப்புத்தண்ணி துரு. உப்புப்பறவைய வேக வச்சு மேலாக வழிச்ச கொழுப்பு. உள்நாட்டுல பொறந்த நமக்கு டீட்டின்னா எல்லாம் ஒரே வாடை. தீவுக்காரிக்கு அப்படி இல்ல."

ஐல்சா மறுக்கவில்லை. கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"ராத்திரி சாப்பாட்டுல அவ பேரு. கட்டையில ஓடற ரேகையச் சொல்றப்ப அவ பேரு. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவ தொட்ட சாமான் கெட்டுப்போகட்டுமேன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் அவர் சீக்கிரம் வீட்டுக்கு வருவாருன்னு."

"உங்க புருஷன் எனக்கு வேண்டாங்க," என்றாள் ரோயிமாட்டா எழுந்துகொண்டே. "அவர் மரத்தப் பத்தி மட்டும் பேசினா கேப்பேன். மத்ததப் பேச ஆரம்பிச்சா கொட்டாவிதான் வருது." வாசலில் நின்று ஹெஸ்டரைப் பார்த்தாள். "நன்றி ஆன்ட்டி. நீங்களும் என் பேரத்தான் சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

அந்த வார்த்தை ஹெஸ்டருக்கு எங்கோ தைத்தது. தலையை மட்டும் ஆட்டினாள்.

ஐல்சா யாரையும் பார்க்காமல் வெளியே போனாள். நோரீன் கோட்டை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓடினாள். "நில்லு, நான் வண்டியில விடறேன். அழுதுகிட்டே இந்தப் பனியில நடந்தா கன்னம் உறைஞ்சு போகும்டி!"

லாக்லன் போகவில்லை. உறையவைத்த போல்ட்டுகள் குத்திய தகடுகளை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உன் வில்லு ரொம்ப மெலிசு," என்றாள் ஹெஸ்டர். "விசைய இழுத்தா வெண்ணெய் மாதிரி இருக்கணும்னு இளக்கிட்ட. ஊசி ஓடற இடத்துலயும் மயிரிழை இடைவெளிதான். பாக்க அவ்வளவு அழகு. ஆனா கொழுப்பு இல்லாட்டி மண்ணு, மண்ணு இல்லாட்டி மழை. என்னிக்காவது ஒருநாள் ஒரு காவலனக் கைவிட்டிருக்கும்."

"ஹெஸ்டர்." இப்போது அவன் குரல் இளகியது. அவள் பெயருக்கு. "கிளப்புல ரோயிமாட்டாவோட எண்ணெய்னு சொல்லிடு. தெரியாமப் பட்டுடுச்சுன்னு. அவ மறுத்தா யாரு கேக்கப்போறாங்க, உன் வார்த்தைதானே வார்த்தை. ஐல்சா பேரு வெளிய வர வேண்டாம். ரோயிமாட்டா என் வீட்டு ஆள் இல்லையே, அதனால எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும், வில்ல மாத்திடறேன். ரோயிமாட்டாவ நான் அனுப்பிடறேன்." பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து மேசையில் வைத்தான். பட்டறைச் சாவி. அவள் கட்டிய சிவப்பு நூல் இன்னும் அதில் இருந்தது. "ஜன்னல் பக்கத்து மேசை. நீ திரும்பி வா."

ஜன்னல் பக்கத்து மேசை. காலையில் மலையின் வெளிச்சம் முதலில் விழுகிற இடம். எத்தனை இரவு அதைக் கேட்டிருக்கிறாள், யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமலே. ஐல்சா கரண்டியால் கொழுப்பை வழித்தபோது அவளுக்குள் எந்தக் குரல் பேசியிருக்கும் என்பது ஹெஸ்டருக்குத் தெரிந்தது. தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

கொக்கியில் தொங்கிய இரட்டைக்குழலை இறக்கி, வேண்டாம் என்று எழுதிய அட்டையைக் கட்டினாள். பிறகு ஊசியைத் துணியில் சுற்றி லாக்லனின் கையில் கொடுத்து, விரல் நுனியால் சாவியையும் அவன் பக்கம் தள்ளினாள்.

"அஞ்சு மணிக்குக் கிளப்புக்கு வந்துடு," என்றாள். "நான் பாத்தத மட்டும்தான் சொல்லுவேன், லாக்லன்."