கவலைச் சீட்டு

குலுக்கலில் முதல் மாதம் டெல்பினுக்கு விழுந்தது. மற்ற ஆறு பேரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். வருத்தம் உண்மைதான், ஆனால் தங்கள் பெயர் வரவில்லை என்ற சந்தோஷத்தை மறைக்க அவர்கள் பட்ட பாடு அதைவிடப் பெரியதாக இருந்தது.

"ஏட்டி, உனக்குத் தாங்குமா?" என்று கேட்டாள் சண்முகவடிவு. பக்கத்து நாற்காலிக்காரி, டெல்பினைவிட மூத்தவள்.

"தாங்கலன்னா வேலைய விட்டுர வேண்டியதுதான்க்கா. வீட்டுல அப்படித்தான் பேசி வெச்சிருக்கோம்."

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இப்போது ஆட்கள் கிடையாது. கரையில் ஒரு குளிர்ந்த அறையில் ஏழு பேர் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைப்பிடியைத் திருப்பி, ஒவ்வொரு கப்பலாக உள்ளே கொண்டுவருவார்கள். டெல்பினுக்கு அந்த வேலை உயிர். அதுதான் சங்கடமே. வீட்டுக்கு வந்து அரிசி களையும்போது, 'தெற்கு வளைவில் சரியாகத் திருப்பினேனா?' என்று மனது கேட்கும். கப்பல் பத்திரமாகக் கட்டப்பட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாலும் கேட்கும். பிள்ளை எதையாவது சொன்னால் காதில் விழாது. கணவன் அமல்ராஜ்தான், வேலையை விடுமுன் இந்தச் சீட்டில் சேர்ந்து பார் என்றான்.

கவலையை அழிக்க முடியாது என்று விஞ்ஞானிகள் எப்போதோ கைவிரித்துவிட்டார்கள். மூளையிலிருந்து துடைத்தெடுத்தால் இரண்டு நாளில் அதே இடத்தில் முளைத்தது. தங்குவதற்கு அதற்கு ஒரு தலை வேண்டும். ஆனால் யார் தலை என்பதில் அதற்குப் பிடிவாதம் இல்லை. அப்படிப் பிறந்ததுதான் கவலைமாற்றி, நெற்றியில் கட்டும் ஒரு பட்டை. வசதி உள்ளவர்கள் தங்கள் கவலையைச் சுமக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் சீட்டுப் பிடித்தார்கள். மாதம் ஒருவர் எல்லோருடைய கவலையையும் வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்து, மாதக் கடைசியில் அவரவரிடம் திருப்பித் தர வேண்டும். அதற்குச் 'சுமை விடுப்பு' என்று அரசாங்கமே பெயர் வைத்திருந்தது.

சீட்டுத் தலைவர் பால்துரை அண்ணாச்சி. அறையில் எல்லோருக்கும் மூத்தவர். விடுப்பு தொடங்கிய காலையில் பட்டையை டெல்பினின் நெற்றியில் அவரே கட்டிவிட்டு, "ஒரு மாசம்தானம்மா. பல்லக் கடிச்சிக்கோ" என்றார். ஒவ்வொருவராக வந்து மறுமுனையைத் தங்கள் நெற்றியில் வைத்துக் கண்ணை மூடினார்கள். எழுந்து போகும்போது சின்னப் பிள்ளைகளைப்போல் போனார்கள். வடிவு ஏதோ பாட்டை முணுமுணுத்தாள்.

டெல்பின் பேருந்தில் வீடு திரும்பினாள். பெரிய தலைச்சுற்றல் வரும் என்று கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். வரவில்லை. பேருந்து பழைய பாலத்தைத் தாண்டுவதற்குள் வேறொன்று வந்தது.

வடிவக்காவின் கவலை, டெல்பின் தன்னைத் திறமையில்லாதவள் என்று நினைக்கிறாள் என்பது. டெல்பின் அப்படி ஒருநாளும் நினைத்ததில்லை. வடிவக்காதான் தன்னை அப்படி நினைக்கிறாள் என்றல்லவா இவள் செத்துக்கொண்டிருந்தாள். நசீர், பால்துரை அண்ணாச்சியின் பார்வைக்குப் பயந்தான். அண்ணாச்சியோ நசீரின் இளமைக்குப் பயந்தார். ஏழு பேரும் மற்ற ஆறு பேர் தன்னையே பார்ப்பதாக நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏழு தலையையும் ஒன்றாக வைத்துத் தேடினாலும், யாரையும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலை அகப்படவில்லை. அவரவருக்கு அவரவர் பாடு.

டெல்பினுக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். வீட்டுக்கு வந்து மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டபோது, சாப்பாட்டுக்கு ருசி உண்டு என்பது ரொம்ப நாளைக்குப் பிறகு நினைவு வந்தது. ஏழு பேர் கவலையும் சேர்ந்தவளுக்கு ஒருத்தியின் கவலைகூட மிஞ்சவில்லை. ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்லி எல்லாம் கரைந்துபோயின.

ஒன்றைத் தவிர. தெற்கு வளைவு.

அது மட்டும் கரையாமல் அடியில் கிடந்தது. டெல்பின் அதை எடுத்துப் பார்த்தாள். வளைவில் கப்பல் அலைத்தடுப்புச் சுவர்ப் பக்கம் ஒதுங்குகிறது, தன் கை சரியில்லை, யாருக்கும் தெரியாமல் இரண்டு பாகை கூடுதலாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். இது அவளுடைய ரகசியம். ஆனால் அங்கே அதே ரகசியம் ஏழு கிடந்தது. ஏழு பேரும் அதே இடத்தில் அதே இரண்டு பாகையைத் திருட்டுத்தனமாகத் திருப்பிவந்திருக்கிறார்கள். ஏழு பேர் கையும் ஒரே மாதிரி பிசகுமா? பிசகியது கை அல்ல. அங்கே கடலுக்கடியில் நீரோட்டத்தை அளந்து திரைக்குச் சொல்லும் நீரோட்டமானி தப்பாகக் காட்டுகிறது.

சோற்றுக் கை அப்படியே நின்றது. அந்தப் பயம் இப்போது ஆறு பேரிடமும் இல்லை. இவளிடம் இருக்கிறது. பயம் இல்லாதவர்கள் எதற்காகக் கூடுதலாகத் திருப்பப் போகிறார்கள்? காலையில் சின்னப் படகுகள்தான் வந்திருக்கும். மத்தியானம் தானியக் கப்பல் வருகிற நாள். சுவரின் அந்தப் பக்கம் முழுக்க மீன்பிடி வள்ளங்கள்.

இடது கையாலேயே அறைக்குப் போன் போட்டாள். ஒலிபெருக்கியில் பால்துரை எடுத்தார்.

"அண்ணாச்சி, தானியக் கப்பல் யார் கையில இருக்கு?"

"என் கையிலதான். வளைவுக்கிட்ட வந்துட்டு. என்னம்மா?"

"கருவி தப்பா காட்டுது. ரெண்டு பாகை கூடத் திருப்புங்க."

அவர் அன்பாகச் சிரித்தார். "நீ கவல சுமக்கிறவ. உனக்கு இன்னைக்கு அப்படித்தான் தோணும். ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் படு, தாயி."

"நீங்க தெனமும் திருப்புவீங்க அண்ணாச்சி. கைப்பிடிச் சத்தம் கேக்கக்கூடாதுன்னு அந்நேரம் இருமுவீங்க."

அவர் குரல் இறங்கி வந்தது. "அது பயத்துல செஞ்சது. இப்பத்தான் பயம் போயிட்டே. கருவிய நம்பித் திருப்புதேன்."

"நீங்க மட்டும் செய்யல. நானும் செய்யுதேன். ஏழு பேரும் செய்யுதோம். கேட்டுப் பாருங்க."

"நானும்தான் அண்ணாச்சி" என்று வடிவின் குரல் தூரத்தில் கேட்டது. அவள் கவலை இல்லாத நிலையில் இருந்ததால் வெட்கமில்லாமல் சொல்ல முடிந்தது. அடுத்து நசீர். அடுத்து மற்றவர்கள்.

கைப்பிடி திரும்பும் சத்தம் கேட்டது. டெல்பின் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

"தாண்டிட்டு" என்றார் பால்துரை. "சுவத்துக்கும் கப்பலுக்கும் ஒரு வள்ளம் அகலந்தான் இருந்தது."

டெல்பின் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுகை முடிந்ததும் ஆறிப்போன சோற்றை மிச்சமில்லாமல் சாப்பிட்டாள்.

நீரோட்டமானியை மாற்றினார்கள். மாதக் கடைசியில் கவலைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள எல்லோரும் பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் வந்து சேரவில்லை. டெல்பின் நடந்ததை எல்லாம் சொன்னாள். வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பால்துரை மட்டும் பட்டையைக் கழற்றவில்லை. "நல்லாத் தேடிப் பாத்தியாம்மா? எம்புட்டு வருசமா சேத்து வெச்சது."

"இல்ல அண்ணாச்சி. உங்கள யாருமே தப்பா நினைக்கல."

"சரி. நல்லாவாவது நினைச்சாங்களா?"

டெல்பின் அவர் நெற்றியிலிருந்த பட்டையைத் தானே அவிழ்த்து மடித்து வைத்தாள்.

மறுநாள் காலை பால்துரை ஒரு பெரிய கப்பலை வளைவில் அழகாகத் திருப்பி உள்ளே கொண்டுவந்தார். பயமில்லாத கை. திருப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "சரியாத் திருப்புனேனா?" என்று வாய்விட்டுக் கேட்டார். அந்த அறையில் யாரும் அதுவரை வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

"நாங்க யாரும் பாக்கலியே அண்ணாச்சி" என்றாள் வடிவு, தன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் கேட்கத் தவித்த பதில் அதுதான். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. அடுத்த கப்பல் வளைவை நெருங்கியதும், ஆறு பேரையும் எழுந்து வந்து தன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்க்கச் சொன்னார்.