ஒரு சாணுக்குள்

கண்ணாடியின் நடுவில் ஏதோ கறை. சேதுராமன் வேட்டித் தலைப்பால் துடைத்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தான். அப்போதும் போகவில்லை.

ஏற்கெனவே அவனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. நாளைக் காலை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் மறுபடியும் அவன் வகுப்புக்கு வருகிறார். குழிந்த கண்ணாடி முன்னால் மெழுகுவத்தியை வைத்து, அதன் சுடரைக் காகிதத்தில் தலைகீழாக விழவைத்துக் காட்ட வேண்டும். போன தடவை மங்கலான ஒரு திட்டுதான் விழுந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள், இன்ஸ்பெக்டரும் சிரித்தார். அதனால்தான் இந்தச் சவரக் கண்ணாடியைப் பாசாரில் பழைய சாமான்களுக்கு நடுவே தேடிப்பிடித்து வாங்கி வந்தான். மத்தியானத்திலிருந்து மல்லுக்கட்டுகிறான். சுடர் காகிதத்தில் விழவே மாட்டேன் என்கிறது.

காஜா பெராங்கில், செட்டிக் கம்பம் குடியிருப்பை ஒட்டிய சந்தில் அவனும் மனைவியும் வாடகைக்கு இருந்த பலகை வீடு அது. மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தெருவில் கட்டிய காகிதக் கொடிகள் நனைந்து சாயம் ஒழுக, தகரக் கூரையில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்ததில், சாயங்காலமே வீடு இருண்டு, பலகைகளிலிருந்து ஊறிய மரத்தின் புளித்த வாடை வந்தது. அறையின் மறுகோடியில், உத்தரத்தில் மாட்டிய ஸ்பிரிங்கில் சாரோங் துணித் தொட்டில் கிரீச் கிரீச்சென்று ஏறி இறங்கியது.

"ஏங்க, இன்னுமா அந்தக் கண்ணாடிய நோண்டிக்கிட்டு இருக்கீங்க?" சமையலறையிலிருந்து பூங்காவனம் கத்தினாள். "பாப்பா சிணுங்கறா பாருங்க. நான் சோறு வடிச்சிக்கிட்டு இருக்கேன்."

"இரு புள்ள. இந்தச் சனியன் ஒத்துவர மாட்டேங்குது."

தள்ளி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தான். தன் முகம் தலைகீழாக. ஜன்னல் தலைகீழாக. பின்னால் தொட்டில், தரையிலிருந்து முளைத்ததுபோலத் தலைகீழாக. எல்லாம் சரி. கறை மட்டும் கறையாக இல்லை. அது கூந்தல். ஈரமான கருங்கூந்தல், அதற்குக் கீழே வெளிறிய பிடரி, பிடரிக்குக் கீழே தோள்.

மேலே தலை. கீழே தோள். நேராக.

வருடக்கணக்காகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இந்தக் கண்ணாடிக்கு ஒரு சாண் எல்லை. எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் தலைகீழாகத்தான் தெரியும். நேராகத் தெரிய வேண்டுமென்றால் அந்த ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். கண்ணாடிக்கும் அவனுக்கும் நடுவில்.

அங்கே ஒன்றும் இல்லை. மேசைப் பலகைதான் இருந்தது.

கண் அலுத்துப்போனதென்று தன்னையே திட்டிக்கொண்டான். கையை நீட்டி அந்த வெற்றிடத்தைத் துழாவினான். கிணற்றுக்குள் விட்டதுபோல் கை சில்லிட்டது. கண்ணாடியில் அவன் விரல்கள் பெரிதாக, நேராக, கூந்தலுக்குள் நுழைந்து வெளியே வந்தன. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். விரல்களில் வாடை. நாள்கணக்கில் காயாத தலைமுடியின் வாடை.

பின்னந்தலைதான் தெரிகிறது. அப்படியென்றால் முகம் இந்தப் பக்கம். அறையைப் பார்த்து.

அந்தத் தலை பெரிதாகியது. கண்ணாடியை விட்டு விலகி எல்லையை நெருங்க நெருங்க உருவம் பெரிதாகும். அதையும் அவன்தான் பிள்ளைகளுக்குச் சொன்னான். ஒவ்வொரு மயிர்க்காலும் கயிறாய்த் தடித்தது. கண்ணாடி முழுக்கக் கறுப்பு. கவிழ்த்துவிடக் கை போனது. கவிழ்த்தால் அது எங்கே நிற்கிறதென்று தெரியாமல் போகும். கை நின்றது.

கறுப்பு கலைந்தது. புகைபோல.

பிறகு கூடியது. தலைகீழாக.

எல்லையைத் தாண்டிவிட்டது.

இப்போது முழு உருவமும் தெரிந்தது. ஒரு பெண். முதுகு காட்டியபடியே சிறுத்துக்கொண்டு போனாள். சிறுத்தால் விலகுகிறாள் என்று அர்த்தம். அவன் இடது காதோரம் சில்லென்று ஏதோ கடந்துபோனது. மழைச் சத்தம் காதில் விழவில்லை. ஸ்பிரிங் சத்தமும் விழவில்லை.

தொட்டில் நின்றிருந்தது.

"பாப்பா!"

நாற்காலி சாய, பாய்ந்தான். அறையில் யாரும் இல்லை. சாரோங்கை விலக்கிக் குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டான். கனம் இருந்தது. துணிச்சுருளுக்குள் அசைவும் இருந்தது. மூச்சு வந்தது அவனுக்கு.

"என்னங்க, சத்தமே காணோம்? தூங்கிட்டாளா?"

"எங்கிட்டத்தான்... எங்கிட்டத்தான் இருக்கா. நீ இங்க வா. சீக்கிரம் வா."

"கஞ்சி வடியுது, இருங்க, வரேன்."

அறையின் அந்தக் கோடியில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், கண்ணாடி அவனைப் பார்த்து நின்றது. பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தான்.

விரல் நகமளவுக்கு அவன், தலைகீழாக. அணைத்தபடி மடங்கிய இரண்டு கைகள். கைகளுக்குள் ஒன்றுமில்லை.

அவனை ஒட்டி, அவன் அளவுக்கே, அவள். இந்த முறை முகம் தெரிந்தது. அதைக் கவிழ்த்து, கைகளிலிருந்த துணிச்சுருளின்மேல் குனிந்திருந்தாள். துணிச்சுருளிலிருந்து சின்னக் கை ஒன்று நீண்டு அவள் ஈரக் கூந்தலைப் பிடித்திருந்தது.

அவன் மார்பில் கிடந்தது அசைந்தது. ஈரமாக. அவன் குனிந்து பார்க்கவில்லை.