இரண்டாம் முறை வீசிய வலை

என் அண்ணன் கம்சிங் ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் வந்தான். மூன் ஆறு கரை தட்டி ஓடிய மழைக்காலம். நடவு வயலில் மயங்கி விழுந்தவன், காலில் சேறுகூடக் காயவில்லை.

"நர்ஸம்மா, கட்டில் காலியா இருக்கா?" என்று என்னையே கிண்டலடித்தான். அதற்குள் இருமல் அவனை மடக்கிப் போட்டது.

சேற்றில் வாழும் கிருமி. எங்கள் பக்கம் மழையோடு கூடவே வரும். வெறுங்காலோடு வயலில் இறங்காதே என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன், கேட்டால்தானே! நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் சீழ் கட்டிவிட்டது. விலாவில் குழாய் போட்டு வடித்தோம். ஊசி மருந்து ஏறிக்கொண்டே இருந்தது, காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

அண்ணி புவாலா மீன்வலையை எடுத்துக்கொண்டு அந்த வயலுக்குக் கிளம்பிவிட்டாள். மயங்கி விழுந்தால் அந்த இடத்திலேயே உயிர் தவறிக் கிடக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பேர் சொல்லி அழைத்து, ஒரே தடவை வலையால் கோலி அள்ள வேண்டும். அதை அவன் சட்டையில் சுற்றிக் கொண்டுவந்து, மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினால் உயிர் உடம்பில் தங்கும்.

சாயங்காலம் நனைந்து திரும்பினாள். சட்டை மூட்டையிலிருந்து கருப்பாகச் சொட்டியது. அழுகல் வாடை.

"மொதல்ல கோலினப்போ வலையில ஒண்ணுமே இல்ல, சவீ. மனசு கேக்கல. இன்னொரு தடவை போட்டேன். அப்பப்பா, என்ன கனம்!"

"ஐயோ அண்ணி! ரெண்டாந்தடவை யாராவது கோலுவாங்களா? மொத தடவையே வந்திருக்கும், உயிரு கண்ணுக்குத் தெரியுமா என்ன?"

"அவரு பொழைச்சா போதும்டி" என்று அழுதபடியே நூலைக் கட்டினாள்.

விடிந்தபோது காய்ச்சல் இல்லை. அண்ணி என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் வெட்கமில்லாமல் அழுதேன். அவள் சோறு வாங்க ஓடியதும், அண்ணன் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன்.

"மூச்ச இழுத்துப் பிடிண்ணே."

பிடித்தான். இடப்பக்கம் அமைதி.

வலப்பக்கம் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

நிதானமாக. ஈரமாக.

அண்ணனின் வாயைப் பார்த்தேன். மூடியிருந்தது. மார்பு அசையவில்லை.

"அண்ணே, பிடிச்சுக்கிட்டுதானே இருக்க?"

"நான் பிடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்" என்று கிசுகிசுத்தான். அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. "அவன் பிடிக்க மாட்டேங்கிறான்."

கத்தரிக்கோலை எடுத்து நூலுக்கு அடியில் கொடுத்தேன்.

"வேணாம் சவீ. அறுத்தா ரெண்டு பேரும் போயிருவோம்."

என் காதுக்குள் அந்த மூச்சு சட்டென்று நின்றது. அது காத்திருந்தது.

வாசலில் அண்ணியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சூடான ஒட்டரிசிச் சோறு கிடைத்துவிட்டதாம், புருஷனுக்குத் தானே ஊட்டிவிடப் போகிறாளாம்.

கத்தரிக்கோலைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உள்ளே மூச்சு மறுபடி தொடங்கியது.