எரிந்த பக்கத்தின் சுரங்கள்

பக்கம் முடிந்துவிட்டது. இசை முடியவில்லை.

ஜோசபின் திரையைக் கூர்ந்து பார்த்தாள். இறந்துபோன கணவர் சின்னதுரையின் சாய்ந்த கையெழுத்தில் இருந்த சுரங்களைத் தொட்டுக்கொண்டே ஓடிய சிவப்புக்கோடு கடைசிச் சுரத்தில் நின்றிருந்தது. ஆனால் ஸ்பீக்கரில் ஆர்கன் ஒலி, வெளியே கேம்ப் தெருவில் விடாமல் பெய்த ஜூலை மழையோடும் ஆட்டோக்களின் உறுமலோடும் கலந்து, மெதுவாக அடுத்த வரிக்குள் இறங்கியது.

மகள் ரீனாவுக்குப் போன் செய்தாள். கையால் எழுதிய சுரங்களைப் படித்து வாசிக்கும் அந்தப் புரோகிராம் ரீனாவின் கம்பெனியில் செய்தது. அப்பாவின் முதலாண்டு நினைவு ஆராதனைக்காக அவர் எழுதிய பாட்டைக் காலையில்தான் ஸ்கேன் செய்து வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"பேப்பர்ல இருக்கிறத மட்டும்தான் அது வாசிக்கும், மம்மி. கடைசி பேஜ் கிடைச்சுதா?"

"இல்லம்மா."

"அச்சா, அப்ப நீங்களே அந்த ஸ்கிரீன் பேனால, ஸ்கிரீன் மேலயே எழுதி முடிங்க. எழுத எழுத வாசிக்கும். நான் கிளம்பிட்டேன்."

கடைசிப் பக்கம் என்ன ஆனது என்று ஜோசபினுக்குத் தெரியும். பாடகர் குழுவே கதியென்று கிடந்த மனிதரோடு சண்டை முற்றிய ஒரு சாயங்காலம், அவர் கண்ணெதிரே அதை அடுப்பில் காட்டினாள். அவர் வீட்டைவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் தளேகாவ் ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்தில் அவர் உடலைக் கண்டெடுத்தார்கள். ஏன் போனார் என்று ரீனா கேட்டபோதெல்லாம் தெரியாது என்றே சொல்லியிருந்தாள்.

இப்போது ஒலிப்பது அந்தப் பக்கம்.

பேனாவை எடுத்து, பாட்டு முடிந்ததற்கான இரட்டைக்கோட்டை இழுத்தாள். கோடு திரையில் விழுந்தது. அழிந்தது. மறுபடி இழுத்தாள். அழிந்தது. காகிதம் கருகும் வாசனை மெல்ல எழுந்தது.

ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினாள்.

அமைதி. திரையில் மட்டும் சுரங்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக. சாய்ந்து.

பிறகு நின்றன. கீழே, பாட்டின் வார்த்தைகளுக்கான இடம் காலியாக இருந்தது.

பேனாவைக் கீழே வைக்கப் பார்த்தாள். விரல்கள் விரியவில்லை. புறங்கையில் ஒரு குழி விழுந்தது. இன்னொன்று. நான்கு விரல்கள் அழுந்திய குழிகள். கை நகர்ந்தது.

'ரீனா, அன்னைக்கு உன் அம்மா'

வாசலில் சாவி திரும்பியது.

"மம்மி, லைட் போடலையா?"

இடது கையால் பேனாவைப் பிடுங்கப் பார்த்தாள். வரவில்லை. குழிகள் இன்னும் ஆழமாக அழுந்தின. கை எழுதிக்கொண்டே போனது.