மாதிரி இல்லாத வசனம்

அந்த மாதத்தில் வேதவல்லி நான்காவது முறையாகச் செத்துக்கொண்டிருந்தாள். கூடத்துச் சுவரில் அவளுடைய தலை ஒரு பட்டுத் தலையணையில் சாய்ந்தது. கண்கள் மெல்ல மூடின. எதிரே சோபாவில் உட்கார்ந்து கொத்தவரங்காய்க்கு நார் எடுத்துக்கொண்டிருந்த வேதவல்லி, "எந்தப் படத்த எடுத்தாலும் என்னையத்தான் முதல்ல சாவடிக்கான்," என்றாள்.

"அம்மான்னா அப்பிடித்தான். நீ செத்தாத்தான கதை நகரும்," என்றார் அவள் கணவர் சங்கரலிங்கம், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தூத்துக்குடிக் கடலுக்குள் தூண்களின்மேல் நின்ற அந்தக் குடியிருப்பில் வார்ப்புத்திரை இல்லாத வீடே கிடையாது. நடிகர்கள் என்று ஒரு கூட்டம் இருந்ததை ஜனங்கள் மறந்துவிட்டிருந்தார்கள். எந்தக் கதையைக் கேட்டாலும், திரை அதை அந்தந்த வீட்டு மனிதர்களின் முகத்திலும் குரலிலும் வார்த்துக் கொடுக்கும். சுவர்கள் ஆண்டுக்கணக்காகக் கேட்டுச் சேர்த்த பேச்செல்லாம் வீட்டுக் குரல் களஞ்சியத்தில் இருந்தது. இவர் எப்படிக் கோபப்படுவார், இவள் எப்படி அலுத்துக்கொள்வாள் என்பதற்கெல்லாம் அங்கே மாதிரிகள் உண்டு. அவற்றை வைத்துத்தான் திரை புது வசனங்களைப் பேசவைக்கும்.

வேதவல்லிக்கு அந்தச் சுவர் பிடித்துப்போனதற்கு ஒரு காரணம் இருந்தது. மகன் ஆவுடையப்பன் இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைத்து ஆறு வருஷம் ஆகிறது. சுவரில் மட்டும் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்தான், ஒரு வாரம் திருடனாக, ஒரு வாரம் அரசனாக, போன வாரம் குதிரை வைத்தியனாக. படம் தேர்ந்தெடுக்கும்போது சங்கரலிங்கம் கதையில் மகன் உண்டா என்று மட்டும் பார்த்துக்கொள்வார். அதை அவர் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஆவுடைக்கும் அவன் மனைவி லோசனிக்கும் பிறந்த பெண் குழந்தை ஒன்பதாம் நாள் இறந்துபோனது. துணியில் சுற்றிய குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு மகன் நின்றபோது சங்கரலிங்கத்தின் வாயிலிருந்து வந்தது ஒரே வாக்கியம்தான்: "நான் சொன்ன ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தா இப்பிடி ஆயிருக்காது."

கெட்ட மனிதர் இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் முப்பது வருஷம் மேற்பார்வை பார்த்தவர். எந்த இயந்திரம் நின்றாலும் யார் செய்த பிழை என்று முதலில் கண்டுபிடித்துப் பழகியவர். அன்றைக்கும் அந்தப் பழக்கம்தான் பேசியது. ஆவுடை குழந்தையை அடக்கம் செய்துவிட்டு அப்படியே போனவன்தான்.

அன்றிலிருந்து நடுவில் நின்று ஓடிக்கொண்டிருந்தவள் வேதவல்லி. மகனிடம், "அப்பா ஒன்னைய விசாரிச்சாவ," என்பாள். கணவரிடம், "ஒங்களத்தான் கேட்டான், முட்டிவலி எப்பிடி இருக்குன்னு," என்பாள். இரண்டும் அவளே சமைத்தவை. இருவரும் நம்புவதுபோல் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை வைத்துக்கொண்டே அவள் அடுத்த வாரத்தைத் தள்ளினாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகனின் பிறந்தநாளுக்குக் கொஞ்சம் எல்லை மீறினாள். கடைத்தெருவில் எந்தக் குரலையும் செய்து கொடுக்கிற கடை ஒன்றில், சங்கரலிங்கத்தின் குரலில் ஒரு வாழ்த்துச் செய்யச் சொல்லி அனுப்பிவைத்தாள். குரலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாழ்த்து, "நல்லா இரு ராஜா," என்று முடிந்தது. சங்கரலிங்கம் உலகத்திலேயே ராஜா என்று கூப்பிடுவது எதிர்வீட்டு நாயை மட்டும்தான். மகனை 'ஏலே' என்பதற்குமேல் அழைத்ததில்லை.

"சத்தியமா அவுகதான்யா பேசுனாவ," என்று அப்போதும் அவள் சாதித்தாள்.

"ம்மா, இனிமே அப்பா சொன்னாவன்னு எங்கிட்ட ஒண்ணையும் கொண்டாராத," என்று சொல்லிவிட்டான் ஆவுடை.

இப்போது நாளே இல்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அவனும் லோசனியும் குலசேகரன்பட்டினத்திலிருந்து செவ்வாய்க் குடியேற்றத்துக்குப் புறப்படுகிறார்கள். அங்கே போகிறவர்கள் திரும்புவதில்லை. பத்து நாளாக இருவரையும் ஏவுதளத்தில் தனிமைக்கூடத்தில் வைத்திருந்தார்கள். முகத்திரையில் பேசலாம். ஞாயிறு மூன்றரைக்குத் துயிற்பெட்டியில் படுக்கவைத்துவிட்டால் விழிக்க ஏழு மாதம். அதற்குப் பிறகு ஒரு வார்த்தைக்கும் அதன் பதிலுக்கும் நடுவில் அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அது பேச்சில் சேர்த்தி இல்லை.

இன்றைய படம் இருநூறு ஆண்டுக்கு முந்தைய ஒரு ரஷ்ய நாவல். ஒரு பெரிய பண்ணையார், முறைத்துக்கொண்டு போன ஒரே மகன், நடுவில் செத்துப்போகிற தாய். பண்ணையாராகச் சங்கரலிங்கம் ரோமக் குல்லாவும் இடுப்புவரை தாடியுமாக வந்தார்.

"கரடியக் கூட்டியாந்து உக்கார வச்ச மாதிரி இருக்கீய," என்றாள் வேதவல்லி.

"சும்மா இரிட்டி. அங்க என்ன குளிருன்னு ஒனக்குத் தெரியுமா?"

தாய் இறந்தபின் கதை வேகமெடுத்தது. மகன் தொலைதூர எல்லைக்குப் புறப்படுகிறான். பனி கொட்டுகிறது. குதிரை வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். பண்ணையார் குல்லா விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடிவந்து கடிவாளத்தைப் பிடிக்கிறார். வாயைத் திறக்கிறார். படம் அப்படியே நின்றது. ஒரு பனித்துகள் அந்தரத்தில் தொங்கியது.

"மன்னிக்கவும்," என்றது திரை, மென்மையான குரலில். "அடுத்த வசனத்துக்குச் சங்கரலிங்கம் அவர்களிடம் மாதிரி இல்லை."

"அப்பிடி என்ன வசனம்?"

"'நான் சொன்னது தவறு, என்னை மன்னித்துவிடு.' முப்பத்தொன்பது ஆண்டுப் பதிவில் இந்த உணர்ச்சியில் ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. மகன் பேசவேண்டிய 'மன்னித்துவிடுங்கள் அப்பா' என்பதற்கு நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள் உள்ளன. பெரும்பாலும் பத்து வயதுக்கு முன் பேசியவை. நீங்கள் ஒருமுறை பேசிக் காட்டினால் போதும்."

"புளுகுது," என்றார் சங்கரலிங்கம் மனைவியைப் பார்த்து. அவள் கொத்தவரங்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

அங்கிருந்து அவளுக்கு எல்லாம் கேட்டது. முதலில் அவர் பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார். உணர்ச்சி போதவில்லை என்றது திரை. இரண்டாம் முறை அதட்டுவதுபோல் சொன்னார். அதற்கும் அதே பதில். பிறகு வெகுநேரம் சத்தமே இல்லை. எழுந்து போய்விட்டார் என்றுதான் நினைத்தாள்.

"ஏலே ஆவுடை..." என்று ஒரு குரல் கேட்டது. "அந்தப் பிள்ளையக் கையில வச்சிக்கிட்டு நீ நின்னியே. அப்பப் போயி நான் அதைச் சொல்லிருக்கக் கூடாதுல. எனக்கு என்ன சொல்லன்னு தெரியல. அழத் தெரியல. அதான் குத்தம் கண்டுபிடிச்சேன். மன்னிச்சிருல." அதன்பின் ஒரு இருமல்.

"நன்றி," என்றது திரை. "மாதிரி கிடைத்தது. கதைக்கு வேண்டாத சொற்கள் நீக்கப்படும். முழுப்படம் ஞாயிறு மூன்று மணிக்குத் தயாராகும்."

வேதவல்லி அடுப்பை அணைத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, களஞ்சியத்திலிருந்து அந்தப் பதிவை வெட்டாமல் ஒட்டாமல் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். ஆறு வருஷத்தில் முதல்முறையாக அவள் எதையும் சமைக்கவில்லை.

சனிக்கிழமை காலையில் ஆவுடை கூப்பிட்டான்.

"கேட்டேம்மா. இந்தத் தடவ 'ஏலே' சரியாப் போட்டுட்டான். இருமல் வேற. எந்தக் கடை?"

"கடை இல்லய்யா. அவுகளேதான். அடுக்களையில நின்னு என் காதால கேட்டேன். சத்தியமா."

"போன தடவயும் சத்தியந்தான் பண்ணுன." அவன் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு வலித்தது. "லோசனி ரெண்டு தடவ போட்டுக் கேட்டா. உண்மையா இருந்திருக்கக் கூடாதான்னு அழுதா. எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு. ஆனா அப்பாவ எனக்குத் தெரியும்மா. அவுக அப்பிடிப் பேச மாட்டாவ."

"ஏய்யா, நான் சொல்லுதத ஒரு தடவ நம்பேன்."

"உண்மைன்னா, அவுகளே ஒரு தடவ கூப்பிடட்டும். ஏலேன்னு சொன்னாப் போதும், வேற ஒண்ணும் வேண்டாம். நாளைக்கு மூணரை வரைக்கும் இருப்பேன்."

அவள் அடுக்களையிலிருந்து கூடத்துக்கு வந்தபோது சங்கரலிங்கம் ஜன்னலோரம் நின்றிருந்தார். முதுகு இந்தப் பக்கம். பதிவை அனுப்பியதை அவரிடம் இரவே சொல்லியிருந்தாள். ஜன்னல் கம்பியை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"கேட்டானா?"

"கேட்டான்."

"என்ன சொன்னான்?"

அந்த விரல் நின்றது. அவர் காது மட்டும் அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஆலையில் நூறு பேரை அதட்டிய மனிதர், பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளைபோல நின்றார். 'நம்பவில்லை' என்று சொல்லத்தான் வேதவல்லி வாயைத் திறந்தாள்.

"ரெண்டு பேரும் அழுதுட்டாவ," என்றாள். "எல்லாத்தையும் மறந்துட்டானாம். ஒங்களுக்கு ஒரு போன் போட்டா சந்தோசப்படுவான்."

அவர் தோள் இரண்டும் இறங்கின. "மறந்துட்டான்னா சரி," என்றார். "அப்புறம் போன் என்னத்துக்கு? முகத்தப் பாத்தா எனக்குப் பேச்சு வராது வேதா. சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. நல்லபடியாப் போய்ச் சேரட்டும்."

அன்று முழுக்க அவள் மூன்று முறை அதே பேச்சை எடுத்தாள். மூன்று முறையும் அவர் சிரித்தார். அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டாள்.

ஞாயிறு மூன்று மணிக்குச் சங்கரலிங்கம் சலவை வேட்டி கட்டிக்கொண்டு சுவர்முன் உட்கார்ந்தார். பனி மறுபடி கொட்டத் தொடங்கியது. மூன்றே காலுக்கு சோபாவில் கிடந்த வீட்டுக் கைத்திரை ஒளிர்ந்தது. ஆறு வருஷமாக அவளுடைய எண்ணை மட்டுமே அழைப்பவன், இன்று வீட்டு எண்ணை அழைத்திருந்தான்.

"ஏங்க, ஆவுடை கூப்பிடுதான். ஒங்களத்தான்."

சுவரில் பண்ணையார் ஓடிவந்துகொண்டிருந்தார். சங்கரலிங்கம் கையை மட்டும் உயர்த்தினார். கன்னமெல்லாம் ஈரம். "அவங்கிட்டதான் எல்லாம் பேசி முடிச்சாச்சே. எல்லாத்தையும் மறந்துட்டான்னு நீதான சொன்ன? இந்த இடம் முடியட்டும். அஞ்சே நிமிசம்."

நான் சொன்னது பொய் என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். மூன்றே வார்த்தை. ஆனால் அதைச் சொன்னால் நேற்றையது மட்டுமா போகும்? ஆறு வருஷத்து விசாரிப்பும் முட்டிவலியும் எல்லாமே போகும். முப்பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அழுகிற அந்த முகத்தைப் பார்த்தாள். கைத்திரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

துயிற்பெட்டிக்காக ஆவுடையின் தலையை மழித்திருந்தார்கள். பச்சைப்பிள்ளைபோல் இருந்தான். "அப்பா இருக்காவளா? என்னமோ மனசு கேக்கல. நானே கூப்பிட்டுப் பாப்பம்னு..."

"இருக்காவ. அந்தா, ஒன்னையப் பாத்துத்தான் அழுதுட்டு இருக்காவ."

அவள் எதையாவது சமைத்துக் கொண்டுவரும்போதெல்லாம் சிரிப்பானே, அந்தச் சிரிப்பைச் சிரித்தான்.

"சரிம்மா," என்றான். "நேரத்துக்குச் சாப்பிடு." கையுறை போட்ட ஒரு கை குறுக்கே வந்தது. திரை இருண்டது.

கூடத்தில் பண்ணையார் மன்னிப்புக் கேட்டு முடித்திருந்தார். மகன் வண்டியிலிருந்து குதித்து அவரைக் கட்டிக்கொண்டு, நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகளில் தேர்ந்தெடுத்த குரலில், "மன்னிச்சிருங்கப்பா," என்றான். திரை ஒளி குறைந்து கேட்டது: "புதிய மாதிரியை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா?"

"வச்சிக்க," என்றார் சங்கரலிங்கம், மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இன்னொரு தடவ என்னால சொல்ல முடியாது."

பிறகு நினைவு வந்தவராகத் திரும்பினார். "வேதா, அவன் கூப்பிட்டானே, என்ன சொன்னான்?"

"ஒங்களத்தான் கேட்டான்," என்றாள் வேதவல்லி.

ஆறு வருஷமாக வாராவாரம் அவள் சொல்லிவந்த அதே வாக்கியம். சங்கரலிங்கம் வழக்கம்போலத் தலையாட்டினார். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு, மகன் வருகிற படமாக ஒன்றைத் தேடத் தொடங்கினார்.