தொட்டிக்குள் உடும்பு

வேலை முடிந்து வந்து முகம் கழுவக் குளியலறைக் குழாயைத் திறந்தபோது தண்ணீர் நூலாக வடிந்தது. மொட்டைமாடித் தொட்டிக்குள் ஏதோ ஒன்று சுவரை உரசிக்கொண்டு சுற்றிச் சுற்றி நீந்துகிற, வாலால் தண்ணீரை மெல்ல ஒதுக்குகிற சத்தம் குழாய் வழியே இறங்கி வந்தது. கூடவே எந்திர எண்ணெய் வாடை. அவளுக்குத் தெரியாத சத்தமா? நீந்தக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான்.

உடும்பு. இடிபாடுகளில் சிக்கியவர்களைத் தேட, அவளும் கூடப்பிறந்த அண்ணனும் சேர்ந்து செய்த எந்திரம். ஓடும், சுவர் ஏறும், நீந்தும், தட்டையாகிப் பிளவில் நுழையும். பயிற்சியில் ஒளிந்துகொள்வது எப்போதும் அவள், ஏவுவது அவன். அவள் நெஞ்சுத்துடிப்பு அதற்கு அத்துப்படி. கண்டுபிடித்தால் நெஞ்சின்மேல் ஏறிப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் குரலில் "விடு" என்றால்தான் விடும்.

அந்தப் பிடி சரியில்லை என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்டும் கேளாமல் அவன் ஏவியதில், போன மாதம் ஒரு தொழிலாளி நெஞ்சு நெரிந்து செத்துப்போனார். நாளை விசாரணை. சாட்சி அவள். நடந்ததை அப்படியே சொல், நான் ஏற்றுக்கொள்கிறேன் என்று காலையில்தான் தலையைத் தடவிக்கொடுத்திருந்தான். அவளும் நம்பினாள், பைத்தியக்காரி.

அண்ணனுக்குப் போன் போட்டாள். அது கூண்டில்தான் இருக்கிறது, என் கண்ணெதிரே, வீணாக மனதைக் குழப்பிக்கொள்ளாதே என்று சிரித்தான். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாப்பா, அசையாம அங்கயே இரு."

அவளை ஒளித்துவைத்துவிட்டு, உடும்பை ஏவுவதற்கு முன் சொல்வானே, அதே வார்த்தை. அதே செல்லம்.

மேலே தொட்டி மூடி நகர்ந்தது. வெளிச்சுவரில் நகங்கள், ஈரமாக, நிதானமாக. ஜன்னல் திறந்திருந்தது நினைவுக்கு வந்தது. கூடத்தில் நகங்கள் ஓடின. குளியலறைக் கதவைத் தாழிட்டாள். விளக்கை அணைத்தாள். மூச்சை அடக்கினாள். நெஞ்சை எப்படி அடக்குவது?

கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி. அந்த வெளிச்சக் கோடு மறைந்தது. ஏதோ தட்டையாக உள்ளே வழிந்தது.

குளிர்ந்த நகங்கள். கால். இடுப்பு. நெஞ்சு.

"அண்ணா, விடுன்னு சொல்லுண்ணா... ஒரே ஒரு தடவை..."

விலா எலும்பு நெரிந்தது. ஈரத்தரையில் விழுந்த போன் இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அவன் துண்டிக்கவில்லை. மூச்சுவிடும் சத்தம் மட்டும் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தான்.